வெயிலுகந்தாளின் விரல்

மேற்கே பெய்து தீர்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கிழக்கே எட்டி மட்டும் பார்க்கிற மழை ஒன்று உண்டு. அது எட்டிப் பார்க்கிற பக்கத்தில் கொம்படிமலை இருந்தது, மலையின் காலடியில் கரட்டுக்குடி என்ற ஊர் இருந்தது, ஊரில் வெயிலுகந்தாள் இருந்தாள், அவளுடைய வலது கையில் ஆள்காட்டி விரல் இருந்தது. அந்த விரல் ஒரு தை மாதத்தில் நீட்டியது நீட்டியபடியே நின்றுபோனது. இந்தக் கதை அந்த விரலைப் பற்றியது.

கரட்டுக்குடிக்காரர்களுக்கு மலை காட்டுவதுதான் தொழில். பாறையும் கள்ளியும் கூரை வேய்கிற போதைப்புல்லுமாகக் கிடந்த அந்த மலையில், மனுசன் நின்றால் தலை சுற்றுகிற செங்குத்துகளில், வரையாடுகள் நடுவீட்டில் நடக்கிற மாதிரி நடந்தன. அவற்றில் முதுகு வெளுத்த கிழட்டுக் கிடாக்களைச் சுடுவதற்காக வெள்ளைக்காரத் துரைகளும் ஜமீன் மாப்பிள்ளைகளும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்தவர்களுக்குக் கால் வைக்க இடம் காட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, ஆட்டுக்குக் கீழே போகாமல் சுற்றிக்கொண்டு மேலே ஏற்றி, வரையாடு எப்போதும் ஆபத்து கீழேயிருந்துதான் வரும் என்று நினைத்துக் கீழேயே பார்த்துக்கொண்டிருக்கும் என்பதால் மேலேயிருந்து இறக்கி, கிடாவைக் கண்ணில் காட்டிக் கொடுப்பது காட்டிகளின் வேலை. ஆணும் பெண்ணுமாக ஊரில் பாதிப்பேர் காட்டிகள். அவர்களில் கெட்டிக்காரி யார் என்று கேட்டால் எல்லோருடைய தாடையும் வெயிலுகந்தாள் வீட்டுப் பக்கமாகத் திரும்பும்.

தாடைதான் திரும்பும். விரல் நீளாது. உயிருள்ள எதைப் பார்த்தும் விரல் நீட்டக்கூடாது என்பது அந்த ஊரின் முறை. குறி வைப்பது விரல்தான், துப்பாக்கிக்காரன் விரல் சொன்ன வேலையைச் செய்கிறவன், அவ்வளவுதான் என்று அவர்கள் நினைத்தார்கள். ஆகவே கிடாவைத் தாடையால் காட்டினார்கள், கண்ணால் காட்டினார்கள், அதற்கும் பிடிபடாத மந்தங்களுக்கு மடியில் கட்டிவைத்திருக்கும் கூழாங்கல்லை எறிந்து காட்டினார்கள். கல்யாணப் பெண்ணைக் காட்டுவதும் தாடைதான், கோழி திருடியவனைக் காட்டுவதும் தாடைதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்த ஊரில் அத்தனை பேருக்கும் கழுத்துச் சுளுக்கு என்று எண்ணிக்கொண்டு திரும்பிப் போவார்கள்.

இன்னொரு முறையும் இருந்தது. அடித்த கிடாவின் கறியையும் தோலையும் சுட்டவன் கொண்டுபோகலாம், கொம்பு மட்டும் மலைக்கு. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மழை படாத ஒரு பாறைக்குடைவில் கொம்புகளை வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். கொம்பு என்பது மலை ஆட்டுக்குக் கொடுத்த இரவல், திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த குட்டிக்கு முளைக்கும் என்பது ஊரின் கணிப்பு. முரண்டு பிடித்த துரைகள் இல்லாமல் இல்லை. அப்போது காட்டிகள் ஒரு பாறையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "கொம்ப வைக்காம எறங்குற வழி எங்களுக்குத் தெரியாது தொரை" என்று வெற்றிலையை எடுத்துவிடுவார்கள். வெயில் ஏற ஏறத் துரைக்குப் புத்தி வந்துவிடும். குடைவுக்குள் பாட்டன் முப்பாட்டன் காலத்துக் கொம்புகள் விறகு அடுக்கினது போலக் கிடந்தன.

நெடுவிளாகம் ஜமீன்தார் அந்தத் தை மாதத்தில் வந்தார். ஊர்க்காரர்கள் அவரை ராசா என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம். ராசாவுக்குத் தன் அரண்மனைக் கூடத்துச் சுவரில் ஒரு கிடாத்தலை மாட்ட வேண்டும் என்று ஆசை, தலை மட்டும் இல்லை, கொம்போடு தலை. அதற்காக அவர் தன் ஆட்களை ஏறும்போதே பாறைக்குப் பாறை சுண்ணாம்புப் பொட்டு வைத்துக்கொண்டே வரச் சொல்லியிருந்தார். இறங்குவதற்குக் காட்டி தேவைப்படக்கூடாது என்பது ஏற்பாடு. அந்தப் பொட்டுகளை வெயிலுகந்தாள் பார்த்தாள், மலைக்கு ஏதோ நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கெட்டிக்காரிகளும் சில சமயம் இப்படித்தான்.

வெள்ளிமுதுகன் என்று பேர் வாங்கிய கிழட்டுக் கிடா ஒரு பாறை நுனியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தது. வெயிலுகந்தாள் ராசாவை அதற்கு மேலே கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டாள். அங்கேதான் வம்பு வந்தது. ராசாவுக்குத் தூரப்பார்வை கிடையாது. கண்ணாடி போட்டால் ராசகளை போய்விடும் என்று யாரோ சொல்லிவிட்டதால் அவர் கண்ணாடியும் போடுவது கிடையாது.

"எங்கட்டி நிக்கி?" என்றார் ராசா.

வெயிலுகந்தாள் தாடையை நீட்டினாள். "அந்தப் பாறை நுனியில, ராசா. கள்ளிக்கு வலப்பக்கம்."

"எந்தக் கள்ளி? மலை பூராக் கள்ளிதான கெடக்கு."

மடியிலிருந்து கூழாங்கல்லை எடுத்து ஓசைப்படாமல் எறிந்தாள். "கல்லு விழுந்த தெசைக்குப் பாருங்க."

"கல்லையே காணோமே!"

இன்னொரு கல். இன்னொரு தாடை. கிடா காதைத் திருப்பியது. ராசா தன் ஆட்களைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "காட்டத் தெரியாதவளயெல்லாம் காட்டின்னு கூட்டியாந்தா இப்படித்தான்."

வெயிலுகந்தாளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பெற்றவள் சொன்னதில்லை, கட்டினவன் சொன்னதில்லை. கோபம் உச்சியில் ஏறிவிட்டது. உச்சியில் ஏறிய கோபம் தோளில் இறங்கி, கையில் இறங்கி, விரலில் வந்து நின்றது. "அந்தா நிக்குல்லா! கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று நீட்டிவிட்டாள்.

ராசா துப்பாக்கிக் குழலை அவள் கையின்மேல் வைத்தார், விரல் போன வழியே பார்த்தார், சுட்டார். அவள் காதுக்குள் ஒரு பானை உடைந்தது. வெள்ளிமுதுகன் நுனியிலிருந்து சரிந்து ஒரு படிக்கட்டுப் பாறையில் போய்க் கிடந்தது. ஆட்கள் கூவிக்கொண்டு ஓடினார்கள். வெயிலுகந்தாள் கையை இறக்கப் பார்த்தாள். கை இறங்கவில்லை. விரலை மடக்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை.

தலையை அறுத்துச் சாக்கில் போட்டபோது அவள் போய் முன்னால் நின்றாள். "கொம்பு மலைக்கு, ராசா."

"மலை யாருக்கு?" என்றார் ராசா, சிரித்துக்கொண்டே.

"மலை மலைக்குத்தான்."

"மலை எங்க ஜமீனுக்குள்ள நிக்கி. அப்ப அது எனக்கு. கொம்பும் எனக்கு." அவர் சொல்லிவிட்டுச் சுண்ணாம்புப் பொட்டுகளைப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார். சாக்கு முன்னால் போனது. சாக்கு வலப்பக்கம் திரும்பியபோது வெயிலுகந்தாளின் விரல் வலப்பக்கம் திரும்பியது, இடப்பக்கம் இறங்கியபோது இடப்பக்கம் இறங்கியது. மலை முழுக்க அந்த விரல் சாக்கைவிட்டு விலகவே இல்லை.

வீட்டு வாசலில் அவள் புருசன் மாசானம் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"என்னளா, யாரக் காட்டுத?"

"நான் காட்டல. அதுவாக் காட்டுது."

மாசானம் விரல் போன திசையில் எட்டிப் பார்த்தான். பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. "சரி, உள்ள வா. சோறு ஆறுது" என்றான்.

ஊருக்குச் சேதி போக அதிக நேரம் ஆகவில்லை. கோயில் முன்னால் கூட்டம் கூடியது. "நீட்டினியா?" என்று கேட்டார்கள். "நீட்டினேன்" என்றாள். முதலில் ஆளாளுக்குத் திட்டினார்கள், நாத்தனார் கூடுதலாகத் திட்டினாள், அவளுக்கு அந்த உரிமை இருந்தது. திட்டி முடித்ததும் மண்டைக்கு மண்டை யோசித்தார்கள். கொம்பு திரும்பி வராமல் இந்த விரல் மடங்காது என்பதும், கொம்பு திரும்பி வராமல் ஊரில் ஒருத்தரும் மலை ஏறக்கூடாது என்பதும் முடிவானது. இரவல் வாங்கினதைத் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு மறுபடி படியேறுவது? ஆனால் தேன் மலையில்தான் இருந்தது, விறகு மலையில்தான் இருந்தது, கிழங்கும் மருந்துவேரும் கூரைக்குப் புல்லும் மலையில்தான் இருந்தன. ஏறாமல் இருப்பதென்றால் வயிற்றில் ஈரத்துணிதான். அது தெரிந்துதான் சரி என்றார்கள்.

வைத்தியர் நாகமணி எண்ணெய் போட்டு நீவினார், மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், கட்டை அவிழ்த்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எலும்பு நல்லாருக்கு, நரம்பு நல்லாருக்கு. வெரலுக்கு மடங்க மனசில்ல. மனசில்லாததுக்கு எங்கிட்ட மருந்து கெடையாது" என்று எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஊர் அந்த விரலோடு குடும்பம் நடத்தப் பழகியது. தலை அரண்மனைக் கூடத்தில் மாட்டப்பட்டபிறகு விரல் கிழக்கே நெடுவிளாகத்தைப் பார்த்து நின்றுவிட்டது. வெயிலுகந்தாள் தெற்கே நடந்தாலும் வடக்கே நடந்தாலும் மல்லாந்து படுத்தாலும் குப்புறப் படுத்தாலும் கை மட்டும் கிழக்கே நின்றது. மாசானம் தூக்கத்தில் தப்பான பக்கம் புரண்டு கண்ணில் குத்து வாங்கினான், அப்புறம் பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். அவள் இடது கையால் உண்ணவும் அரைக்கவும் கொண்டை முடியவும் கற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி அவசரத்துக்கு அந்தக் கையில் ஈரச் சேலையைப் போட்டு உலர்த்தினாள். கிழக்கு என்று சொல்வதை விட்டுவிட்டு ஊரில் எல்லோரும் விரல்பக்கம் என்று சொல்லத் தொடங்கினார்கள், விரல்பக்கத்து வயல், விரல்பக்கத்துக் காற்று, விரல்பக்கம் இருந்து நிலா வருகிறது. விரலுக்கும் அரண்மனைக்கும் குறுக்கே நிற்பது நல்லதில்லை என்று ஒரு புதுமுறை தானாக உண்டானது. அவள் முன்னால் போகிறவர்கள் குனிந்து போனார்கள், ஆடு மாடுகளும் குனிந்து போயின, அவை எப்போதும் குனிந்துதான் போகும் என்பது வேறு விஷயம். வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு மஞ்சள் பூசிய பெண்கள் மிச்ச மஞ்சளை விரலுக்கும் பூசினார்கள். சத்தியம் செய்ய வேண்டுமென்றால் கோயில் வரைக்கும் போகாமல் வெயிலுகந்தாள் வீட்டுக்கு வந்தார்கள். சண்டைக்காரப் பங்காளிகள் இரண்டு பேர் விரலைத் தொட்டுச் சமாதானம் ஆனதுகூட நடந்தது.

இதெல்லாம் நெடுவிளாகத்துக்குப் போகாமல் இருக்குமா? சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாம் அதையே பேசினார்கள். கரட்டுக்குடியில் ஒருத்தி ராத்திரி பகல் இல்லாமல் அரண்மனையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளாம். என்ன தப்பு நடந்தது? யார் செய்தது? ராசாவின் காதுக்கு வந்தபோது அவர் கூடத்தில் கிடாத்தலைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காரியஸ்தர் பிறவிப்பெருமாள் வில்வண்டியில் வந்து இறங்கினார். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலுகந்தாளின் வீட்டு முன்னால் நின்றார்.

"கைய மடக்குட்டி. ராசா உத்தரவு."

"ராசா வந்து வெரலுட்ட சொல்லச் சொல்லுங்க, ஐயா. எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

காரியஸ்தருக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கையாலும் விரலைப் பிடித்து மடக்கினார். விரல் மடங்கவில்லை. கையைப் பிடித்து வேறு பக்கம் தள்ளினார். அவர் தள்ளத் தள்ள வெயிலுகந்தாள் கீலில் மாட்டிய கதவு போலச் சுற்றிச் சுற்றி வந்தாள், விரல் மட்டும் நின்ற இடத்தில் நின்றது. ஊரே சிரித்தது. மாசானம் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து, "களைச்சிருப்பீரு, குடியும்" என்று நீட்டினான். காரியஸ்தர் கோபத்தோடு மோரை வாங்கிக் குடித்தார். கையில் துணியைச் சுற்றி மறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். துணி சுற்றிய கை, சுற்றாத கையைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் ராசா தலையை இடம் மாற்றத் தொடங்கினார். அரண்மனையில் தலை இல்லை என்றால் அவள் யாரைக் காட்டுவாள் பார்ப்போம் என்பது அவர் எண்ணம். முதலில் அக்காள் வீட்டுக்கு அனுப்பினார். விரல் நகர்ந்தது. விரல் நகர்ந்த சேதி சந்தைக்குப் போனது, சந்தையிலிருந்து அக்காள் வீட்டுக்குப் போனது, அக்காள் வீட்டு வாசலில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அக்காள் தலையை அன்றைக்கே வண்டியேற்றித் திருப்பி அனுப்பிவிட்டாள். அப்புறம் வடக்கே நெல் குதிருக்குள் வைத்தார். பண்ணையாட்கள் அந்தக் குதிரில் நெல் அள்ள மறுத்தார்கள். இலவம்பஞ்சு மூட்டைக்குள் வைத்தார், கோழிப்பண்ணையில் வைத்தார், வற்றிய கிணற்றுக்குள் கயிறு கட்டி இறக்கினார். கரட்டுக்குடியில் காலையில் எழுந்ததும் எல்லோரும் பல்லைத் தேய்த்துக்கொண்டே வெயிலுகந்தாள் வீட்டுக்கு வந்து, இன்றைக்குத் தலை எங்கே என்று பார்த்துவிட்டுப் போவது வழக்கமானது. "இன்னைக்குக் கொஞ்சம் கீழாக் காட்டுது. கெணத்துக்குள்ள எறக்கிட்டான் போல" என்று மாசானம் சொன்னால் அது சரியாக இருக்கும்.

ஊர் சிரித்தது என்று சொன்னேன். சிரித்த வாயெல்லாம் காய்ந்த வாய்தான். மாசி போய்ப் பங்குனி வந்தது, ஒருத்தரும் மலை ஏறவில்லை. கூரைகள் பிய்ந்து கிடந்தன. கம்பங்கூழில் கம்பு குறைந்துகொண்டே வந்தது. நாத்தனார் ஒருநாள் வாய்விட்டே அழுதாள், "ஒரு வெரல நீட்டிப்போட்டு ஊரையே பட்டினி போட்டுட்டியேட்டி!" வெயிலுகந்தாள் கூழ்ச்சட்டியை இடது கையால் தள்ளி வைத்தாள். அன்று முழுக்கச் சாப்பிடவே இல்லை. சாயங்காலம் அந்த நாத்தனாரே கூழ் கரைத்துக்கொண்டு வந்து, இடது கையில் கொடுத்து, குடிக்கும்வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சமயத்தில் ராசாவின் சம்பந்தி வீட்டார் வேட்டைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். ராசாவுக்குக் காட்டிகள் வேண்டும். சுண்ணாம்புப் பொட்டு வழி காட்டும், ஆட்டைக் காட்டுமா? காரியஸ்தர் மறுபடி வந்தார். ஊரில் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. "கொம்பு வரட்டும், காட்டுதோம்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்கள். காரியஸ்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டு மாசானத்திடம் மட்டும் சொன்னார். "வே, நாளைக் காலையில ராசாவே வாறாரு. அருவாளோட ஆள் வருது. வெரல எடுத்துருவாங்க. ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டு எங்கயாவது போயிரும்வே." அவர் கெட்டவர் இல்லை, வாங்கின சோற்றுக்கு வேலை பார்க்கிறவர்.

மாசானம் வந்து சொன்னான். வெயிலுகந்தாள் கேட்டுக்கொண்டு, "எங்க போனாலும் வெரல் என்னைக் காட்டிக் குடுத்துருமே" என்றாள். பிறகு, "வரட்டும்" என்றாள்.

காலையில் வடக்கே பார்த்துக்கொண்டிருந்த விரல் மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்தது. அங்கே பாதை இருந்தது. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள், "தலையோடதான் வாறான்." வேறென்ன செய்வார் ராசா? எங்கே வைத்தாலும் ஊர் சிரித்தது. எங்கேயும் வைக்க முடியாத சாமானைக் கூடவே கொண்டு அலைகிற நிலைமைக்கு அவர் வந்திருந்தார்.

மோட்டார் கார் புழுதியோடு வந்து நின்றது. விரல் காரின் டிக்கியைக் காட்டிக்கொண்டு நின்றது. ராசா இறங்கினார், பின்னால் அரிவாளோடு ஒரு தடியன் இறங்கினான். ஊர் முழுக்க வந்து நின்றது. ராசா கண்ணை இடுக்கி வெயிலுகந்தாளைத் தேடினார். தேடிக் கண்டுபிடித்ததும் கத்தினார்.

"மடக்குதியா, வெட்டவா?"

வெயிலுகந்தாள் உட்கார்ந்து, வாசலில் கிடந்த உரலின்மேல் வலது கையை நீட்டியபடியே வைத்தாள்.  

"வெட்டச் சொல்லும் ராசா. வெட்டித் தூரப் போட்டாலும் அது கெடந்த எடத்துல கெடந்து காட்டும். அப்புறம் அதையும் எடுத்துட்டுப் போயி எங்க வைப்பீரு? ஒரு தலைக்கு எடம் தேடி அலையிதது பத்தாதா ஒமக்கு?"

தடியன் அரிவாளை ஓங்கவில்லை. ராசாவின் முகத்தைப் பார்த்தான். ராசா, "வெட்டுலே" என்றார். அப்போது மாசானம் கூட்டத்திலிருந்து வந்து பெண்டாட்டி பக்கத்தில் நின்றான். வலது கையை ராசாவுக்கு நேரே நீட்டினான். விரல்களை மூடி, முட்டியாகத்தான் நீட்டினான்.

"ராசா, நாங்க ஒருத்தருக்கும் வெரல் நீட்டினதில்ல. எங்கப்பன் நீட்டினதில்ல, அவுக அப்பன் நீட்டினதில்ல. இவ ஒருத்திதான் கோவத்துல நீட்டிட்டா. ஒரு வெரலுக்கே நீரு படுத பாடு ஊருக்குத் தெரியும்." முட்டியை ஒரு சாண் முன்னால் கொண்டுபோனான். "நாங்களும் நீட்டவா?"

நாத்தனாரின் முட்டி நீண்டது. வைத்தியர் நாகமணியின் எண்ணெய் முட்டி நீண்டது. சேலை உலர்த்தியவள், சமாதானமான பங்காளிகள், இடுப்பில் பிள்ளை வைத்திருந்தவர்கள் என்று தெரு நெடுக முட்டிகள் நீண்டன. ஒரு முட்டியிலும் விரல் திறக்கவில்லை. எல்லா முட்டியும் ராசாவின் நெஞ்சுக்கு நேரே நின்றன.

"நீட்டவா, ராசா?"

தூரப்பார்வை இல்லாத ராசா அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தார். இவர்கள் நீட்டினால் நீட்டியதுதான். உண்ணும்போது காட்டுவார்கள், உறங்கும்போது காட்டுவார்கள், பட்டணம் போனால் பட்டணத்தைக் காட்டுவார்கள், கப்பலேறினால் கடலைக் காட்டுவார்கள், ஒளிந்தால் ஒளிந்த இடத்தைக் காட்டுவார்கள், கடைசியில் பாடையில் தூக்கிக்கொண்டு போகும்போதும் இந்த ஊர் விரல்கள் அத்தனையும் பாடை கூடவே மெல்ல நகர்ந்து, சுடுகாட்டில் போய் நின்று, சாம்பலையும் காட்டிக்கொண்டிருக்கும்.  தடியன் அரிவாளைக் கார் சக்கரத்தில் சாய்த்து வைத்தான்.

ராசா தானே போய் டிக்கியைத் திறந்தார். வைக்கோலும் பஞ்சும் கோழியிறகும் ஒட்டிக்கிடந்த அந்தத் தலையைத் தூக்கி மண்ணில் வைத்தார். காரில் ஏறிக்கொண்டு, கதவைச் சாத்தியபிறகு, தைரியம் கொஞ்சம் திரும்பி வந்தது.

"தலையத்தான் தாறேன். மலை எனக்குத்தான். அடுத்த தைக்கு வருவேன், பத்துத் துப்பாக்கியோட வருவேன்" என்றார். கார் போய்விட்டது.

வெயிலுகந்தாள் தலையின் முன்னால் உட்கார்ந்தாள். ஒட்டியிருந்த இறகுகளை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். தலையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டபோது வலது கை முதல் தடவையாக முழங்கையில் மடிந்து, விரல் அதன் நெற்றியில் இரண்டு கொம்புகளுக்கும் நடுவே போய்த் தொட்டுக்கொண்டு நின்றது. "கோவத்துல நீட்டிட்டேன்டா. நீ என்ன செய்வ, நீ பாட்டுக்கு நின்ன" என்று சொல்லி அழுதாள். மாசானம் துண்டை எடுத்துக் கொடுத்தான்.

பிறகு ஊர் முழுக்க மலை ஏறியது. போகும் வழியில் சுண்ணாம்புப் பொட்டுகளைக் காலால் தேய்த்து அழித்துக்கொண்டே ஏறினார்கள். குடைவில் பழைய கொம்புகளுக்கு நடுவே இடம் ஒதுக்கி அவள் தலையை வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுத்ததும், மரத்துப்போன கால் எழும்புகிற மாதிரி விரலில் குறுகுறுப்பு ஓடியது. மடக்கிப் பார்த்தாள். மடங்கியது. நீட்டிப் பார்த்தாள், மறுபடி மடக்கினாள்.

"மடங்கிட்டா?" என்றான் மாசானம்.

"மடங்கிட்டு."

"அப்ப வா, எறங்குவோம். வெறகு வேற பொறக்கணும்."

வெயிலுகந்தாள் நகரவில்லை. குடைவுக்கு வெளியே பாறை நுனியில், வெள்ளிமுதுகன் நின்றது போல நின்று கீழே பார்த்தாள். புழுதிக்கு அப்பால் கிழக்கே நெடுவிளாகம் அரண்மனை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அவள் மலையின் பக்கம் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கையைத் தூக்கி, தன் விரலைத் தானாக, நிதானமாக, அரண்மனைக்கு நேரே நீட்டினாள்.

"ஏளா! என்ன செய்த? நீட்டாத!" என்று பதறினான் மாசானம்.

"ஆட்டுக்கு நீட்டினதுதான் தப்பு." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அடுத்த தைக்கு வாறேன்னு சொன்னாம்லா? இத்தன நாளும் அவுகளுக்கு மலையக் காட்டினோம். இன்னைக்கு மலைக்கு அவனக் காட்டுதேன்."

 மாசானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மடியை அவிழ்த்து, வெற்றிலையை எடுத்துக்கொண்டான். மற்றவர்களும் ஆளுக்கொரு பாறையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கீழே, தூரத்தில், அரண்மனையின் மேற்குச் சன்னல்களை யாரோ ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தார்கள்.